கதவோரத்துப் பையனின் கணக்கு நோட்டு

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், பருவ காலத்தில் சங்கத்தின் முன் யூரியாவுக்கு நிற்கும் வரிசைதான் அந்த மாதத்தின் பெரிய கூட்டம். 2019 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த என் மகன் பொழுது போகாமல் என்னோடு வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விவசாயி ஒருவர் 45 கிலோ மூட்டை ஆறு வாங்கிக்கொண்டு 1,599 ரூபாய் கட்டிவிட்டுப் போனார். "ஆறு மூட்டைக்கு 1,599 வாங்கினேன். ஒரு மூட்டை என்ன விலைடா?" என்று விளையாட்டாக அவனிடம் கேட்டேன். தாளை எடுத்தான், 1599 என்று அழகாக எழுதினான், பக்கத்தில் 6 என்று எழுதினான், வகுத்தலுக்கான கோட்டையும் போட்டான். அதற்குமேல் பேனா நகரவில்லை. சற்று நேரம் கழித்து, "கால்குலேட்டர் குடு நைனா" என்றான். 266 ரூபாய் 50 காசு என்ற விடையில் அந்த ஐம்பது காசிடம் தடுமாறியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். 15-ல் 6 எத்தனை முறை போகும் என்ற முதல் படியிலேயே அவன் நின்றுவிட்டான்.

அன்றிரவு அவனுடைய கணக்கு நோட்டை முதன்முறையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஓரக் கோடு சிவப்பில், தலைப்பு பச்சையில், எழுத்து முத்து முத்தாக இருந்தது. வகுத்தல் பயிற்சி முழுவதும் அதில் இருந்தது. ஒரு கணக்கில்கூடப் பிழை இல்லை. எல்லாவற்றுக்கும் சரிக்குறியும் 'மிக நன்று' என்ற குறிப்பும் இருந்தன. இதெல்லாம் நீ போட்டதா என்று கேட்டதற்கு, "போர்டுல எழுதிப் போடுவாங்க, பாத்து எழுதிக்கினேன்" என்றான். இன்னும் ஒன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அக்டோபரில் ஏறத்தாழ இருபது பக்கங்களுக்கு ஒரே தேதியில், ஒரே மையில், ஒரே அவசரத்தில் கையெழுத்து இடப்பட்டிருந்தது. பள்ளிக்கு ஆய்வு அலுவலர் வருவதற்கு முந்தைய நாள் அது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அந்தப் பள்ளியை என் மகனுக்கு யாரும் திணிக்கவில்லை. நானே தேடிப் பிடித்தேன். 2018 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் இரண்டு பள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று எங்கள் ஊருக்கு அருகில் இருந்த, ஓட்டுக் கூரை போட்ட ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. மற்றது ஐந்து கிலோமீட்டர் தள்ளி, சாலையோரத்தில் சுவர் முழுவதும் ரயில் பெட்டிகள் வரைந்து, உள்ளே பெரிய தொலைக்காட்சித் திரையோடு இருந்தது. அதன் ஆண்டு விழாவைப் பற்றி நாளிதழின் வேலூர் பக்கத்தில் படமும் வந்திருந்தது. தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கணினி அறையைத் திறந்து காட்டினார். கணினிகளின் மேல் போர்த்தியிருந்த துணி மடிப்புக் கலையாமல் இருந்ததை நான் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அவர்களே பதில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் உண்டா, வேன் வருமா என்ற இரண்டு கேள்விகளைத்தான்.

ஆண்டுதோறும் மகன் 'தேர்ச்சி' என்று வந்ததும் என்னை மயக்கியது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேக்கிவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டில் நடைமுறை. அதை நான் குறை சொல்லவில்லை, பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கி உட்காரவைத்தால் அவன் கற்பதற்குப் பதிலாகச் செங்கல் சூளைக்கோ கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறவோ போய்விடுவான். ஆனால் நடுநிலைப் பள்ளியின் வாசலில் 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்று தட்டி கட்டியிருந்தால், அது பள்ளியைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளில் விட்டுப்போனவை ஒன்பதாம் வகுப்பில் வேறொரு பள்ளியில், வேறோர் ஆசிரியர் முன்னால்தான் வெளியே வருகின்றன. 2024ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத்தின் தேர்ச்சி 91.55 விழுக்காடாக இருக்க, வேலூர் மாவட்டம் 82 விழுக்காட்டளவில் கடைசி இடத்தில் நின்றது. 2025-லும் கடைசி இடம்தான். செய்தி வந்த நாளில் எல்லோரும் உயர்நிலைப் பள்ளிகளைத் திட்டினார்கள். எனக்கு 1599-ன் பக்கத்தில் நின்றுபோன பேனாதான் நினைவுக்கு வந்தது.

மகனின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். நான் வீட்டில் வகுத்தல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில், 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்தான். 2023-ல் கணக்கில் 41 மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு தேறி, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். வெர்னியர் காலிப்பரில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் படிக்கத்தான் அங்கே அவனுக்கு அதிக நாள் பிடித்தது.

என் மகள் 2022 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வர இருந்தாள். தனியார் பள்ளிக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கட்டணம் ஒரு காரணம் என்றாலும், வேறொரு கணக்கும் இருந்தது. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-லும் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கிடுகிறது. நடுவில் மூன்றாண்டு மெட்ரிகுலேஷனில் படிக்கவைத்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பிவந்த இரண்டு குடும்பங்கள் இந்த ஒதுக்கீட்டை இழந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். ஆகவே அரசு நடுநிலைப் பள்ளி என்று முடிவாயிற்று. எந்தப் பள்ளி என்பதுதான் மிச்சம்.

இம்முறை முதலில் பள்ளிக்குப் போகவில்லை. ஒன்றியத்திலுள்ள நடுநிலைப் பள்ளிகளின் பிள்ளைகள் எட்டு முடித்துப் போய்ச் சேரும் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். அங்கே ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர் எங்கள் சங்கத்தில் உறுப்பினர். "ஜூன் மாசத்துல எந்த ஸ்கூல்லேர்ந்து வர்ற பசங்களுக்கு நீங்க ரெண்டாவது தடவை சொல்லத் தேவையில்லை?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, இரண்டு பள்ளிகளின் பெயரைச் சொன்னார். அவற்றில் ஒன்று, 2018-ல் ஓட்டுக் கூரையைப் பார்த்து நான் ஒதுக்கிய பள்ளி. சுவர் ஓவியப் பள்ளியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். ஒரு நடுநிலைப் பள்ளியை மதிப்பிட அதன் தலைமையாசிரியரையோ, வட்டாரக் கல்வி அலுவலரையோ கேட்பதைவிட, அந்தப் பிள்ளைகளை அடுத்து வாங்கிக்கொள்பவரைக் கேட்பது மேல். அவருக்கு எந்தப் பள்ளியையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்ததாக ஆசிரியர் எண்ணிக்கை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகிய மூன்றுக்கும் தலா ஒருவராவது இருக்க வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாளும் 1,000 மணி நேரப் பாடமும் நடக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க யூடைஸ் எண் உண்டு. பள்ளிகளின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் அந்தப் பள்ளியைத் தேடினால், மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிவறை ஆகியவற்றின் எண்ணிக்கை எல்லாம் வரும். நான் மூன்று பள்ளிகளுக்குப் பார்த்தேன். ஆனால் அங்கே எழுதியிருப்பது ஏட்டுக் கணக்கு. ஏட்டில் இருக்கும் ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போயிருக்கலாம். நீண்ட விடுப்பில் இருக்கலாம். கணக்குப் பாடத்தைத் தமிழ்ப் பட்டதாரி எடுத்துக்கொண்டிருக்கலாம். எனவே "எத்தனை ஆசிரியர்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "ஏழாம் வகுப்புக்கு இன்றைக்குக் கணக்கு எடுத்தது யார், அவர் என்ன படித்தவர்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். ஆங்கில வழிப் பிரிவு உள்ள இடத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இரண்டு வழிப் பிள்ளைகளும் தனித்தனியாக உட்கார்கிறார்களா, அல்லது ஒரே அறையில் ஒரே ஆசிரியர் முன் இரண்டு புத்தகத்தோடு உட்கார்கிறார்களா? எங்கள் பக்கத்தில் பல இடங்களில் இரண்டாவதுதான் நடக்கிறது.

2022 ஏப்ரலில், கொரோனாவால் அந்தக் கல்வியாண்டு மே வரை நீண்டிருந்ததால் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. வேலூர் வெயிலில் மூன்று வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் மூன்று பள்ளிகளுக்கு என் மனைவியும் நானும் போனோம். வெள்ளிக்கிழமைப் பிற்பகலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விழா நாளிலும் ஆய்வு நாளிலும் எல்லாப் பள்ளிகளும் ஒன்றுபோல் இருக்கும். வாரத்தின் கடைசி இரண்டு பாட வேளையில் வகுப்பு நடக்கிற பள்ளியில்தான் மற்ற நாள்களிலும் வகுப்பு நடக்கிறது என்று நம்பலாம். தலைமையாசிரியரிடம் முதலில் அனுமதி கேட்டோம். "பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறோம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டையும் தமிழ்க் கட்டுரை நோட்டையும் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டோம்.

முதல் பள்ளியில் ஒரு பெண் பிள்ளையின் நோட்டு வந்தது. அது வகுப்புத் தலைவியின் நோட்டு. அட்டை போட்டு, ஒரு மூலையும் மடங்காமல் இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை எந்தப் பள்ளியிலும் நன்றாகத்தான் எழுதும். அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? என் மனைவி, எட்டாவது வரை படித்தவள், என்னைவிடத் துணிச்சல்காரி, "அந்தக் கதவாண்ட உக்காந்துகினு கீறானே, அந்தப் பையன் நோட்டைக் குடுங்க டீச்சர்" என்றாள். கதவோரத்தில் உட்கார்ந்தவர்கள்தான் பெரும்பாலும் ஆசிரியரின் கண்ணிலிருந்து விலகி உட்கார்ந்தவர்கள் என்பது அவளுடைய பள்ளி அனுபவம். நோட்டு வந்தது. நான் பார்த்த நோட்டுதான் அது: கரும்பலகையைப் பார்த்து எழுதியது, பிழையே இல்லாதது, எல்லாவற்றுக்கும் சரிக்குறி. அனுமதியோடு அவனிடம் தமிழ்ப் புத்தகத்தின் நடத்தாத பாடம் ஒன்றிலிருந்து நான்கு வரி படிக்கச் சொன்னோம். முதல் சொல்லிலேயே நின்றான். ஆசிரியை தர்மசங்கடத்தோடு, "அவன் அப்படித்தாங்க. அப்பா குடிக்கிறவரு, வீட்டுல யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பையனின் வீட்டைப் பற்றி அவர் அறிந்திருந்தார். ஆனால் அவனுக்கு எந்த எழுத்துவரை தெரியும் என்பதை அறிந்திருக்கவில்லை.

மூன்றாவதாக, ஓட்டுக் கூரைப் பள்ளிக்குப் போனோம். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஆறாம் வகுப்பில் 31 பேர். இங்கேயும் கதவோரத்துப் பையனின் கணக்கு நோட்டைக் கேட்டோம். கொடுத்த நோட்டு அழுக்காக இருந்தது. ஒரு பக்கத்தில் எட்டுக் கணக்குகளில் ஐந்து தவறு. தவறான விடையை அடித்துப் பெருக்கல் குறி போடுவதோடு நிற்காமல், எந்த வரியில் வழி தவறியது என்று அந்த இடத்தில் வட்டம் போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் அதே ஐந்து கணக்கு மறுபடி, அவனுடைய கோணல் எழுத்தில்; இம்முறை இரண்டு தவறு. அதற்கடுத்த பக்கத்தில் புத்தகத்தில் இல்லாத நான்கு கழித்தல் கணக்குகள், ஆசிரியையின் கையெழுத்தில். ஆறாம் வகுப்பு நோட்டில் எதற்கு மூன்றாம் வகுப்புக் கழித்தல் என்று கேட்டேன். "அவன் கடன் வாங்கிக் கழிக்கிறதுல நின்னுட்டான் சார். ரெண்டு வருஷம் ஸ்கூல் இல்ல. அதைச் சரிபண்ணாம வகுத்தல் ஏறாது. இப்ப மூணு இலக்கம் வருது, ஜூன்ல நாலுக்குப் போவான்" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை. பெயருக்குக் கீழே தேதியோடு சிறு குறிப்புகள். 'ஒற்று விடுகிறாள்.' 'ஏழாம் வாய்ப்பாடு தெரியாது.' 'வீட்டில் தெலுங்கு. ழ-வும் ள-வும் குழப்பம். படித்துப் பொருள் சொல்கிறான்.' எங்கள் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும், பேரணாம்பட்டுப் பக்கம் உருதும் பேசுகிற பிள்ளைகள் ஏராளம். உச்சரிப்பில் தடுமாறுவதையும் படிக்கத் தெரியாததையும் ஒன்றாகக் கருதி முத்திரை குத்தாத ஆசிரியரை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு பள்ளிகளிலும் பலவீனமான பிள்ளை இருந்தான். அதை வைத்து ஒன்றை மட்டம் என்றும் மற்றொன்றை உயர்வு என்றும் சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ இருபது மாதங்கள் மூடிக்கிடந்து 2021 நவம்பர் 1-ல் திறந்த பள்ளிகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாவிட்டால்தான் வியப்பு. பிள்ளைக்குத் தெரியாதது என்ன என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்து, அதற்கு இந்த வாரம் ஏதோ ஒன்று செய்துகொண்டிருப்பதா, அல்லது தெரியாததற்கு வீட்டைக் காரணம் சொல்வதா என்பதுதான் நான் கண்ட வேறுபாடு. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல்நிலையைச் சொல்லும் 'ஏசர்' (ASER) அறிக்கையைத் தயாரிப்பவர்கள் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைப் படிக்கச் சொல்லியும், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்லியும்தான் சோதிக்கிறார்கள். 2005 முதல் அந்த முறை இருக்கிறது. அதை எந்தப் பெற்றோரும் தம் பிள்ளைக்கே ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். நான் 2018-லேயே செய்திருக்க வேண்டும்.

மகளை அந்த ஓட்டுக் கூரைப் பள்ளியில் சேர்த்தோம். அதே ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதால் என் மனைவியைச் சேர்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தபோது தெரியாத சில உள்ளிருந்து தெரிந்தன.

கழிவறைதான் முதல். யூடைஸ் கணக்கில் பெண்களுக்கு மூன்று அறைகள் என்று இருந்தது. மூன்றும் உண்மையில் இருந்தன; இரண்டின் சாவி அலுவலகத்தில் தொங்கியது, ஒன்றில் தண்ணீர் வரவில்லை. ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்கள் மாதத்தில் மூன்று நான்கு நாள் வராமல் போவதை வருகைப் பதிவேட்டில் கண்டுபிடித்தது என் மனைவிதான். எந்த ஆண் உறுப்பினரும் அந்தப் பதிவேட்டை அப்படிப் படித்திருக்க மாட்டார். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது, ஆனால் மாற்ற இடமில்லை என்றால் யார் வருவார்கள்? தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை என்பது அடிக்காரணம். அக்டோபர் 2 கிராம சபையில் அதைத் தீர்மானமாக எழுதவைத்தார்கள். மோட்டாரும் குழாயும் சரியாக ஐந்து மாதம் ஆயிற்று. பள்ளி தேடுகிறவர்களுக்கு என் மனைவி சொல்வது இது: தாய் போய்ப் பெண்கள் கழிவறையின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்; சாவி கேட்டு வாங்கும்படி இருந்தால் பாதி தெரிந்துவிடும். பிள்ளைகளைக் கொண்டு கழிவறையைக் கழுவவைக்கும் பள்ளி, மற்ற எல்லாவற்றிலும் முதலிடத்தில் இருந்தாலும், எங்களுக்கு வேண்டாம்.

சத்துணவு நேரத்தில் அரை மணி நேரம் வெறுமனே நின்று பார்ப்பதும் பயன் தரும். முட்டை கணக்குப்படி வருகிறதா என்பது ஒன்று. ஆசிரியர்களில் ஒருவராவது சாம்பாரைச் சுவைத்துப் பார்க்கிறாரா, எல்லாப் பிள்ளைகளும் கலந்து உட்கார்கிறார்களா, வீட்டுச் சோறு கொண்டுவருபவர்கள் தனியாக ஒதுங்குகிறார்களா என்பது அதைவிட முக்கியம். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்பதால், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வந்து முதல் பாட வேளையில் தலை சாய்க்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். எங்கள் தலைமையாசிரியர் அவர்களின் பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தார்.

வருகையைப் பற்றியும் ஒரு செய்தி. பொங்கலுக்குப் பின் எங்கள் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா தொடர்ச்சியாக நடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்கள் காணாமல் போவார்கள். வீட்டில் பீடி சுற்றும் குடும்பங்களில் கெடு நெருங்கினால் பெண் பிள்ளைகள் நின்றுகொள்வார்கள். பதிவேட்டில் எல்லா நாளும் எல்லாரும் வந்ததாக இருக்கும் பள்ளியை நான் நம்ப மாட்டேன். வராதவர்களுக்குச் சிவப்புச் சுழி இருந்து, அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போன் செய்திருந்தால், அந்தப் பள்ளியை நம்பலாம்.

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வை எல்லோரும் பள்ளியின் பெருமையாகச் சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், ஆக 48,000 ரூபாய் வரும். மனத்திறனுக்கு 90, பாடத்துக்கு 90 என இரண்டு தாள்கள். இதில் 'நான்கு பேர் தேர்ச்சி' என்று பலகை வைத்திருந்தால், எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். நாற்பது பேரில் ஐந்து பேரை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்து நான்கு பேரைத் தேறவைப்பது கடினமில்லை. மிச்சமுள்ள 35 பேர் அந்த மூன்று மாதம் என்ன செய்தார்கள் என்பதே எனக்குத் தெரிய வேண்டியது. எங்கள் பள்ளியில் என் மகள் வகுப்பில் 27 பேரில் 22 பேர் எழுதினார்கள், தேறியது இருவர். என் மகள் தேறவில்லை. இந்த இருவரை நான் குறைவாக நினைக்கவில்லை.

பள்ளிக்குக் குறைகள் இல்லாமலில்லை. விளையாட்டுத் திடல் என்று சொல்லக்கூடிய இடம் கிடையாது. உடற்கல்விக்கு வாரத்தில் மூன்று அரை நாள் வரும் பகுதிநேர ஆசிரியர்தான். அறிவியல், கணிதச் செய்முறைகளைப் பள்ளிக்கே கொண்டுவர 2022 இறுதியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர் வரும் நாள்களில்தான் பிள்ளைகள் அறிவியலில் எதையாவது கையால் தொட்டார்கள். ஆங்கிலம் சுமார், மகள் ஒன்பதாம் வகுப்பில் அதற்காகத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. இவற்றை முன்பே தெரிந்துகொண்டுதான் சேர்த்தேன் என்பதால் ஏமாற்றம் இல்லை. எல்லாம் உள்ள பள்ளி என்று ஒன்றைத் தேடியிருந்தால் மறுபடியும் சுவர் ஓவியத்தில்தான் போய் நின்றிருப்பேன்.

நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. மகள் ஏழாம் வகுப்புக்குப் போன ஆண்டில், லாங் சைஸ் நோட்டு வைத்திருந்த அந்த ஆசிரியை மாறுதல் கலந்தாய்வில் திருவண்ணாமலைப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். ஒரு பள்ளியைப் பார்த்து வியக்கும்போது, நாம் வியப்பது பள்ளியையா அல்லது அதில் ஒரே ஓர் ஆசிரியரையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. அடுத்த நான்கு மாதம் அந்தப் பணியிடம் காலி. எட்டாம் வகுப்புக் கணக்கைத் தலைமையாசிரியரே எடுத்தார், ஏழாம் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்பு இடைநிலை ஆசிரியர் ஏறி வந்தார். பாடம் பின்தங்கியது. பெற்றோரில் மூவர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் ஒரு வாரம் தடுமாறினேன்.

நவம்பரில் புதிய ஆசிரியர் சேர்ந்தார். வயதில் இளையவர், வாணியம்பாடியிலிருந்து பேருந்தில் வருபவர். அவர் வந்த இரண்டாம் நாள் குழுக் கூட்டத்துக்காகப் பள்ளிக்குப் போயிருந்த என் மனைவி, வீட்டுக்கு வந்ததும் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: அந்த லாங் சைஸ் நோட்டைத் தலைமையாசிரியர் பூட்டி வைத்திருந்து அவரிடம் கொடுத்தாராம். நான்கு மாதமும் அதில் எழுத்து நிற்கவில்லையாம். ஐந்தாம் வகுப்பு சாரின் கையெழுத்திலும் தலைமையாசிரியரின் கையெழுத்திலும் குறிப்புகள் இருந்தனவாம். புதியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போய், கதவோரத்துப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நாலு இலக்கக் கழித்தல் முடிஞ்சுதாமே, வா, இன்னைக்கு வகுத்தல் ஆரம்பிக்கலாம்" என்றாராம்.

"அப்ப பொண்ணு அங்கியே படிக்கட்டும்" என்றாள்.